மயில் விரட்டிய சாக்ஸபோன்

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்துவிட்டால் என் மனைவிக்கு உலகமே மறந்துவிடும். பக்கத்து இலைக்காரர் பேச்சுக் கொடுத்தால் ரசம் முடிந்த பிறகுதான் பதில் சொல்வாள். அப்படிப்பட்டவள் தருமபுரியில் ஒரு மண்டபத்தில், சாம்பார் சாதத்தை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு, அதை வாய்க்குக் கொண்டுபோகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். சோற்றில் கல் ஏதாவது கிடக்கிறதோ என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம்தான் அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது. வாசல் பந்தலில் பேண்டு செட்டுக்காரர் ஒருவர் சாக்ஸபோன் வாசித்துக்கொண்டிருந்தார்.

பரிமாறுகிறவர் வத்தக்குழம்பு வாளியோடு இரண்டு முறை வந்து நின்றுவிட்டுப் போனார். பாட்டு முடிந்தது. அவள் உருண்டையை வாயில் போட்டு, மென்று விழுங்கி, என் பக்கம் திரும்பினாள்.

“ஏங்க, நீங்க ஊதறதும் இதே வாத்தியந்தானா?”

குத்திக்காட்டிக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது திருப்பிச் சொல்லியிருப்பேன். அவள் அப்படிக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் வந்து கேட்டாள். எனக்குப் பாயசம் இறங்கவில்லை.

நான் சாக்ஸபோன் வாங்கி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் ஒரு கிராமத்தில் ரேஷன் கடை விற்பனையாளர் நான். அரிசியும் பருப்பும் அளந்து போடுகிறவனுக்கு எதற்கு சாக்ஸபோன் என்று ஊரில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். பதில் எனக்கே தெரியாது. சேலத்தில் ஒரு பழைய வாத்தியக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் அது வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது, பார்த்தேன், பிடித்துப்போனது. நாற்பத்தைந்து வயதில் ஒருவனுக்கு இப்படிப் பிடித்துப்போக எத்தனையோ இருக்கின்றன, இது சாக்ஸபோனோடு போயிற்றே என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

செல்போனில் வீடியோ பார்த்து, விரல் வைக்கும் இடமெல்லாம் பழகி, ஒரு வருடத்தில் பத்துப் பன்னிரண்டு பாட்டு வாசித்தேன். ஒரு சுரம்கூடத் தப்பாது. இதை இன்றைக்கும் யார் முன்னாலும் சொல்வேன். ஆனால் நான் பெட்டியின் கொக்கியைத் திறக்கும் சத்தம் கேட்டால் போதும், என் மனைவிக்குக் கடைக்குப் போக வேண்டிய வேலை வந்துவிடும். கடைக்குப் போய்விட்டு வந்தவளுக்கு மாட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டியிருக்கும். மூன்று வருடத்தில் ஒரே ஒரு பாட்டைக்கூட அவள் முழுதாக உட்கார்ந்து கேட்டதில்லை.

கடையில் நடந்ததைச் சொல்லவே வேண்டாம். கைரேகை வைக்க வருகிறவர்கள், எந்திரம் ரேகையைத் தேடிக்கொண்டிருக்கும் இடைவெளியில் என்னைப் பிடித்துக்கொள்வார்கள்.

“நேத்து உங்க வூட்ல மாடு கன்னு போட்டுச்சா, அண்ணா? ரொம்ப நேரம் கத்துச்சே.”

“காளக் கன்னா, கெடாரியா?”

இதையெல்லாம் நான் பொருட்படுத்தவில்லை. பாமாயில் பாக்கெட்டைச் சற்று ஓங்கி வைப்பதோடு சரி. என்னைப் படுத்தியது என் மனைவி ஒருநாள் சொன்ன வார்த்தைதான். அன்றைக்கு நான் நேரடியாகவே கேட்டுவிட்டேன், “அப்படி என்னதான் தப்பு இருக்குது நான் வாசிக்கறதுல?” என்று.

அவள் நன்றாக யோசித்துவிட்டுத்தான் சொன்னாள். “தப்பே இல்லீங்க. ஆனா எதுக்கு ஊதறீங்கன்னு தெரியல.”

அந்த வார்த்தை நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. இப்போது அதே ஆள், அதே வாத்தியத்தை இன்னொருவன் வாசிக்க, சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். பொறாமை பொத்துக்கொண்டு வந்தது. கை கழுவின ஈரத்தோடு பந்தலுக்குப் போனேன். அந்த மனிதர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். ஒல்லி. பேண்டு செட்டின் சிவப்புக் கோட்டு அவருக்கு மட்டும் கச்சிதமாக இருந்தது. காரணம் உடனே தெரிந்தது. காரிமங்கலத்தில் தையல் கடை வைத்திருக்கிறாராம். முகூர்த்த நாளில் வாத்தியம், மற்ற நாளில் ஜாக்கெட்.

“எனக்குச் சொல்லித் தரணும்,” என்றேன்.

“எதுவரைக்கும் தெரியும்ங்க?”

“எல்லாம் தெரியும்.”

அவர் டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஒருமுறை மேலும் கீழுமாகப் பார்த்தார். அளவெடுத்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அது ஆனி மாதக் கடைசி. ஆடியில் எங்களுக்கு இன்னொரு தலைவலி உண்டு. ஊருக்கு வெளியே, மலையடிவாரத்தில், என் மனைவி பெயரில் ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் இருக்கிறது. நிலக்கடலை போடுவோம். போடுவோம் என்று மரியாதைக்காகச் சொல்கிறேன், போடுவது, களை எடுப்பது, காவல் காப்பது எல்லாம் அவள்தான். விதைத்த மறுநாளே பக்கத்துப் பாறைக் கரட்டிலிருந்து மயில்கள் இறங்கிவிடும். சால் பிடித்து நடந்து, விதையை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்துத் தின்றுகொண்டே போகும். ஆள் வைத்து எடுத்தால்கூட அவ்வளவு சுத்தமாக எடுக்க முடியாது.

மயிலைக் கல்லால் அடித்தால் வனத்துறை கேஸ் போடும் என்பது எல்லோருக்கும் தெரியும். என் மனைவிக்கு வனத்துறை பெரிதல்ல. அது முருகனின் வாகனம், அதன் மேல் கல் பட்டால் குடும்பத்துக்கு ஆகாது என்பதுதான் அவள் கணக்கு. மண்ணாங்கட்டியைக்கூட எடுக்கமாட்டாள். மயிலைப் பார்த்ததும் முதலில் ஒரு கும்பிடு. பிறகு, “போ சாமி, போயிடு சாமி” என்று ஒரு வேண்டுகோள். சாமி போகாது. அதற்குப் பிறகுதான் ஒரு பழைய எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் அடிப்பாள். நிலத்தைச் சுற்றி அவளுடைய பழைய சேலைகளையெல்லாம் வேலியாகக் கட்டியிருந்தோம். மயில்கள் அதன் அடியில் குனிந்து, கல்யாண வீட்டுக்கு வருகிறவர்களைப் போல உள்ளே வந்தன.

ஒரு விடியற்காலை தட்டை அடித்து அடித்துக் கை வலித்துப்போய் வீட்டுக்கு வந்தவள், நான் பின்பக்கம் பயிற்சி செய்துகொண்டிருப்பதைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். கேட்கத்தான் நிற்கிறாள் என்று நினைத்து நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன்.

“இத அங்க வந்து ஊதுங்களேன்,” என்றாள்.

மறுநாள் ஆறு மணிக்கு நிலத்தில் நின்று வாசித்தேன். ஒன்பது மயில்கள் மேய்ந்துகொண்டிருந்தன. முதல் வரியில் தலையைத் தூக்கின. இரண்டாம் வரியில் அத்தனையும் எழும்பி, கரட்டைத் தாண்டிப் போயின. மயில் அவ்வளவு உயரம் பறக்கும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். என் மனைவி வரப்பில் நின்று வாயெல்லாம் பல்லாகச் சிரித்தாள். கல்யாணமாகி இருபது வருடத்தில் நான் செய்த ஒரு காரியத்துக்கு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சந்தோஷப்படுவதா, வருத்தப்படுவதா என்று தெரியாமல் வாத்தியத்தைத் துடைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, பக்கத்து நிலத்துக்காரர் கடைக்கே வந்துவிட்டார். அவர் தக்காளி போட்டிருந்தார். குரல் ரொம்பத் தாழ்மையாக இருந்தது.

“நேத்து காலைல கேட்டனுங்க. நம்ம தோட்டத்துலயும் ஒருநாளு வந்து வாசிச்சீங்கன்னா நல்லாருக்கும்.”

மூன்று வருடத்தில் முதல் அழைப்பு. மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். ஒரு சோகப் பாட்டும் ஒரு சந்தோஷப் பாட்டும் வாசித்தேன். அவர் பாட்டைக் கேட்கவில்லை. முதுகைக் காட்டி நின்றுகொண்டு வானத்தையே பார்த்தார். முடித்ததும், “தெக்கால மூலைல ரெண்டு கொரங்கு இன்னும் குந்திக்கிட்டிருக்குது, அங்க நின்னு ஒரு வாட்டி ஊதிடறீங்களா?” என்றார். அழைப்பின் பொருள் அப்போதுதான் விளங்கியது. சலவைச் சட்டையோடு தெற்கு மூலைக்குப் போய் ஊதினேன். குரங்குகளும் போய்விட்டன.

இப்படிப் போய்க்கொண்டிருந்த நாட்களில்தான் காரிமங்கலம் பாடமும் தொடங்கியது. கடைக்கு விடுமுறை விழும் நாளில், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தருமபுரிக்கு ஒரு பஸ், அங்கிருந்து காரிமங்கலத்துக்கு ஒரு பஸ். பெட்டியைப் பார்த்துவிட்டு ஒரு கண்டக்டர், “மருந்தடிக்கிற மிஷினுங்களா?” என்று கேட்டார். பூச்சியைத்தான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு டிக்கெட் வாங்கினேன்.

தையல் மாஸ்டருக்கு வாயில் எப்போதும் நாலு குண்டூசி இருக்கும். அதனால் பாடம் நடக்கும்போது அவர் வாயிலிருந்து “ம்ஹூம்” என்ற ஒரு சொல்தான் வரும். நான் வாசிப்பேன், அவர் துணி வெட்டுவார். “ம்ஹூம்.” மறுபடி வாசிப்பேன். “ம்ஹூம்.” முதல் நாள் ஒரு மணி நேரத்தில் நாற்பது ம்ஹூம் வாங்கினேன். கடைசியில் அவர் ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சட்டைக் காலரில் குத்திக்கொண்டு பேசினார்.

“அண்ணா, நீங்க ஒவ்வொரு சுரத்துக்கும் போயி கதவத் தட்டறீங்க. தட்டிட்டு உள்ள போறதில்ல. அடுத்த வூட்டுக்குப் போயி மறுபடியும் தட்டறீங்க. போஸ்ட்மேன் பண்ற வேலைங்க இது.”

எனக்குக் கோபம் சுள்ளென்று வந்தது. ஆனால் அவர் என் வாத்தியத்தை வாங்கி, நான் வாசித்த அதே வரியை வாசித்துக் காட்டினார். ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவவில்லை, வழுக்கிக்கொண்டு போனார். நீட்டும் இடத்தில் ஒலி முதலில் மெல்ல வந்து, பெருத்து, பிறகு தானாக அடங்கியது. ஓர் இடத்தில் ஒன்றுமே வாசிக்காமல் சும்மா இருந்தார். அந்தச் சும்மா இருந்த இடம்தான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. இத்தனை நாளும் நான் விரலால் மட்டும் வாசித்துக்கொண்டிருந்தேன் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

முதல் மாதம் பாட்டே கிடையாது. ஒரே சுரத்தை, ஒரே மூச்சில், கேட்குமா கேட்காதா என்ற அளவில் தொடங்கி, பெரிதாக்கி, மறுபடி கரைத்துவிட வேண்டும். அவர் வீட்டில் கன்னடம் பேசுகிறவர். எண்ணிக்கை மட்டும் கன்னடத்தில்தான் வரும். “ஒந்து, எரடு, மூரு, நால்கு” என்று கத்தரிக்கோலால் மேசையில் தட்டுவார். நான் மூரு வருவதற்குள் மூச்சு விட்டுவிடுவேன்.

அடுத்தது தாடை. ஒலியில் அலை வேண்டுமென்றால் கீழ்த்தாடையை மெதுவாக அசைக்க வேண்டும். வாத்தியம் இல்லாத நேரத்திலும் பழகச் சொன்னார். ரேஷன் கடையில் உட்கார்ந்து தாடையை அசைத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை வாங்க வந்த அம்மா ஒருத்தி உள்ளே எட்டிப் பார்த்து, “சக்கரை இன்னும் வரலன்னீங்க, வாயில என்னாத்த மெல்லறீங்க?” என்று சத்தம் போட்டாள். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் வாயைத் திறந்து காட்ட வேண்டியதாயிற்று.

மூச்சு விஷயத்தில்தான் நான் ரொம்ப மோசம். வார்த்தை பாதியில் இருக்கும்போது நிறுத்தி மூச்சு வாங்குவேன். அதற்கு மாஸ்டர் ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தார்.

“பாடத் தெரிஞ்சவங்ககிட்ட போவாதீங்க. வேலை செஞ்சிக்கிட்டே யாராச்சும் முணுமுணுப்பாங்க பாருங்க, அவங்களக் கேளுங்க. எங்க மூச்சு எடுக்கறாங்க, எந்த எடத்துல இழுக்கறாங்கன்னு குறிச்சிக்குங்க. அவங்க யாருக்கும் காட்டறதுக்குப் பாடல. அதனால அதுல பொய் இருக்காது.”

எனக்குத் தெரிந்து அப்படி முணுமுணுக்கிற ஆள் ஒருத்திதான். களை வெட்டும்போது என் மனைவி ஒரு பழைய சினிமாப் பாட்டை முனகுவாள். யாராவது கேட்கிறார்கள் என்று தெரிந்தால் நிறுத்திவிடுவாள். ஆகவே வேலியோரம் ஆமணக்குச் செடிகளுக்குப் பின்னால், கடையிலிருந்து எடுத்து வந்த நோட்டோடு குந்தி உட்கார்ந்து குறித்துக்கொண்டேன். எந்த வார்த்தையில் குரல் குழைகிறது, எங்கே களைக்கொத்து விழுகிறது, எங்கே பெருமூச்சு வருகிறது, எல்லாம். மூன்றாம் நாள் பக்கத்து நிலத்துக்காரர் பின்னால் வந்து நின்றார். நான் குந்தியிருந்த கோலத்தைப் பார்த்துவிட்டு, மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“மூணு நாளாப் பாக்கறனுங்க. வயிறு சரியில்லீங்களா?”

உண்மையைச் சொல்ல முடியாது. “ஆமாங்க,” என்றேன். அது மதியத்துக்குள் என் மனைவியின் காதுக்குப் போய்விட்டது. ஒரு வாரம் ஓமத் தண்ணீரும் மோர்ச் சோறும். பொண்டாட்டி பாட்டுக்கு மூச்சு எங்கே என்று கண்டுபிடிக்கப் போய், நாலு கிலோ குறைந்தேன்.

ஆனால் அந்த நோட்டில் இருந்தது பொன். அவள் மூச்சு எடுத்த இடத்தில் நானும் எடுத்தேன். அவள் இழுத்த இடத்தில் இழுத்தேன். புரட்டாசி பிறந்தபோது வாத்தியம் மாறியிருந்தது. நான் சொன்னால் தற்பெருமை. மாஸ்டரே ஒருநாள் ம்ஹூம் சொல்லாமல் துணி வெட்டினார்.

வினை அங்கேதான் தொடங்கியது. கடலை மண்ணுக்குள் காய் பிடிக்கும் சமயம். மயில்கள் மறுபடி வந்தன, இந்த முறை செடியையே பிடுங்கக் கற்றுக்கொண்டு. நான் வழக்கம்போல் காலையில் போய் நின்று வாசித்தேன். தலையைத் தூக்கிப் பார்த்தன. பறக்கவில்லை. கொஞ்ச நேரம் கேட்பதுபோல் நின்றுவிட்டு, குனிந்து காயைத் தின்றன. அதில் ஒன்று, தோகை உதிர்ந்த ஆண் மயில், எனக்குப் பத்தடி தூரம் வரை வந்தது.

எனக்குப் புல்லரித்துப்போனது. “பாத்தியா! கேக்குது பாத்தியா!” என்று கத்தினேன்.

“காய் திங்குதுங்க!” என்று அவளும் கத்தினாள். தட்டைத் தேடி ஓடினாள்.

மயிலுக்குச் சத்தம் பழகிப்போயிருக்கும், எந்தச் சத்தமும் இரண்டு மாதத்தில் பழகிவிடும் என்று பக்கத்து நிலத்துக்காரர் சொன்னார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். நான் அதை நம்பத் தயாராக இல்லை. என் வாசிப்பில் உயிர் வந்துவிட்டது, அதனால்தான் பறவை நிற்கிறது என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேடிக்கை என்னவென்றால், என் மனைவியும் அதையேதான் நம்பினாள். ஆனால் அவளுக்கு அது சந்தோஷம் தரவில்லை.

“நல்லா இருந்த ஊதல அந்த டெய்லரு கெடுத்துட்டாரு,” என்றாள்.

மூன்று வருடத்தில் முதல்முறையாக என் வாசிப்பை ‘நல்லா இருந்தது’ என்று சொல்லிவிட்டாள், அதுவும் அது போன பிறகு. இவள் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்றுதான் இரண்டு பஸ் மாறிப் போய், தாடை வலிக்க, ஓமத் தண்ணீர் குடித்து இவ்வளவும் செய்தேன். நல்லா வாசித்தால் கடலை போய்விடுகிறது, கடலை பிழைத்தால் இவள் கேட்கமாட்டாள். எந்தப் பக்கம் போனாலும் எனக்கு வழியில்லை.

அடுத்த பாடத்துக்கு அவளும் வருகிறேன் என்றாள். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வேண்டுமாம். அன்றைக்குக் காரிமங்கலத்தில் சந்தை. கூட்டத்தில் நெருக்கியடித்துக் கடைக்குப் போய்ச் சேர்ந்தோம். அளவு ஜாக்கெட்டையும் புதுத் துணியையும் மேசையில் வைத்தவள், நேராக விஷயத்துக்கு வந்துவிட்டாள்.

“தம்பி, இவரு ஊதறத பழையபடி மாத்திக் குடுத்துடுங்க.”

மாஸ்டர் வாயில் குண்டூசிகளோடு என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கீங்க, இல்லைங்கல. ஆனா எங்களுக்கு அது ரொம்பப் புடிப்பாப் போச்சு. கொஞ்சம் பிரிச்சு வுட்டுடுங்க. கடலக்கா எடுக்கற வரைக்கும் போதும். அப்பறம் வேணும்னா திருப்பி புடிச்சிக்கலாம்.”

அவர் ஊசிகளை எடுத்துக் காலரில் குத்தினார். இந்தத் தொழிலில் எத்தனையோ பெண்கள் எத்தனையோ குறையோடு வந்து நின்றிருப்பார்கள், அந்தப் பொறுமை முகத்தில் தெரிந்தது.

“அக்கா, தையலா இருந்தா பிரிச்சுடலாம்ங்க. இது துணியவே வெட்டியாச்சு.”

“ஒண்ணுமே பண்ண முடியாதுங்களா?”

“ம்ஹூம்.”

அவள் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, ஜாக்கெட்டின் கை நீளத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அந்த ஒரு ம்ஹூமுக்காக நான் அவர் காலில் விழுந்திருப்பேன். பஸ்ஸில் வரும்போது என் மடியில் பெட்டி. அதன் மேல் அவள் வாங்கிய தக்காளிப் பை.

மறுநாள் அவளுக்காக மோசமாக வாசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு சுரத்தையும் நாக்கால் தட்டினேன், வார்த்தை நடுவில் மூச்சு வாங்கினேன், காது கிழிய ஊதினேன். மயில்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “வேணும்னே பண்றீங்க, அதுக்குத் தெரியும்,” என்று அவள் தட்டை எடுத்தாள். அதன் பிறகு நான் நிலத்துக்கு வாத்தியம் கொண்டுபோகவில்லை. எனக்கும் ஒரு தட்டு கொடுத்தாள். விடியற்காலையில் கணவன் ஒரு மூலையிலும் மனைவி ஒரு மூலையிலும் நின்று தட்டடித்துக்கொண்டிருந்தோம். அதில்கூட, “நீங்க ரொம்ப மெதுவா அடிக்கறீங்க” என்று குறை சொன்னாள். எனக்கு உள்ளூரக் கசந்துபோனது. இருபது நாள் பெட்டியைத் திறக்கவே இல்லை. அவள் கடைக்குப் போக வேண்டிய அவசியமும் வரவில்லை.

ஐப்பசியில் கடலை பிடுங்குவதற்கு இரண்டு நாள் முன்பு, கடை விடுமுறை. சாயங்காலம் நான் நிலத்துக்குப் போகும்போது ஏனோ பெட்டியையும் எடுத்துக்கொண்டேன். அவள் கிழக்கு வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் தட்டு, கையில் கரண்டி. நான் மேற்கு மூலைக்குப் போய், வேப்பமரத்தடியில் நின்று, அவளுடைய பாட்டை எடுத்தேன். கேட்கட்டும், கேட்காவிட்டால் போகட்டும் என்று தோன்றிவிட்டது. மழை பெய்து ஓய்ந்த மண். மலைப்பக்கம் வெளுத்திருந்தது.

முதல் சுரத்தை இருப்பதே தெரியாத அளவுக்குத் தொடங்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். அவள் குழையும் வார்த்தையில் குழைந்து, அவள் பெருமூச்சு விடும் இடத்தில் விட்டு, மாஸ்டர் சொன்னதுபோல் ஓர் இடத்தில் ஒன்றுமே செய்யாமல் நின்றேன். அந்த அமைதியில் செடி பிடுங்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தேன். கடலைக் காட்டின் நடுவில் ஏழு மயில்கள். சாவகாசமாக விருந்து நடந்துகொண்டிருந்தது.

தட்டுச் சத்தம் இப்போது வரும், இப்போது வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டே வாசித்தேன். வரவில்லை. தூங்கிவிட்டாளோ என்று பயந்தேன். நிறுத்திவிட்டுக் கூப்பிடலாமா என்றுகூட நினைத்தேன், விரல்கள் நிற்கவில்லை. சரணம் முழுவதையும் வாசித்து, பல்லவிக்குத் திரும்பி, கடைசிச் சுரத்தைக் கரைத்து முடித்தேன்.

அப்போதுதான் தட்டு அதிர்ந்தது. மயில்கள் சேலை வேலிக்கு மேலாக எழும்பிப் போயின. நான் வாத்தியம் கழுத்தில் ஆட ஆட, திட்டு வாங்கத் தயாராக அவளிடம் ஓடினேன்.

“மூணு சாலு சுத்தமாப் போச்சுங்க,” என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“நீ பாக்கலியா? எப்ப எறங்குச்சு?”

“நீங்க ஆரம்பிச்சப்பவே எறங்கிடுச்சு,” என்றாள்.